அமலி குதிரை ஏறாத கோடை

மற்ற இரண்டு குதிரைகளும் பிள்ளைகளோடு புறப்பட்டுப் போய்விட்டன. குளம்புச் சத்தம் புளியமரங்களைத் தாண்டி, இண்டூர்ச் சாலைப் பக்கம் தேய்ந்துகொண்டே போனது. லாயத்தில் மிஞ்சியவர்கள் என் மகள் அமலியும், பெல்லா என்ற செம்பழுப்புப் பெண் குதிரையும்தான்.

அமலி பெல்லாவின் முன்னங்காலை மடக்கித் தூக்கி, தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். குளம்பின் அடியில் அப்பியிருந்த மண்ணை வளைந்த கம்பியால் சுரண்டினாள். சிறு கல் ஒன்று தெறித்து விழுந்தது. காலை மெல்லக் கீழே விட்டாள். பிறகு அடுத்த கால். நாலு காலும் முடிந்த பின், மறுபடி முதல் காலையே தூக்கினாள்.

நான் கூழ் ஊற்றிய தூக்குப்போசியுடன் படலுக்கு வெளியே நின்றிருந்தேன். சுத்தமான குளம்பை ஏன் திரும்பச் சுரண்டுகிறாள் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். ஏற முடியாத குதிரையைத் தொட்டுக்கொண்டாவது இருக்கலாம் என்று பிள்ளை ஏங்குகிறாள். எனக்கு அப்படித்தான் பட்டது.

அவள் குதிரை ஏறக்கூடாது என்பது அவளுடைய அப்பாவின் நேர்ச்சை.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் அமலி பிறந்த கதையை எழுதியபோது, பின்னாளில் அவள் குதிரையெல்லாம் ஓட்டினாள் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். படித்தவர்கள் சும்மா விடவில்லை. "தருமபுரியில குதிரையா? அதுவும் பொம்பளப் புள்ளையா?" என்று பக்கத்து வீட்டிலேயே கேட்டார்கள். இதை எழுதலாமா என்று என் கணவர் சேவியரிடம் கேட்டேன். எழுதினால் அவரும் அதில் வர வேண்டியிருக்கும். "நடந்ததுதானே, எழுது" என்றார். அப்படியும் இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை அனுப்புகிறேன்.

சாமியார்கள் விட்டுப்போன குதிரைகள்

எங்கள் மாதா கோயில் பங்கில் பழைய நாட்களில் சாமியார்கள் மலையோரத்துக் கிராமங்களுக்குக் குதிரையில்தான் பூசை வைக்கப் போவார்களாம். பிறகு ஜீப் வந்தது. கோயில் தோட்டத்தின் கோடியில் ஓடு வேய்ந்த லாயமும் மூன்று குதிரைகளும் வேலையில்லாமல் நின்றன. ஜட்கா வண்டிக்காரர்கள் வந்து கேட்டார்கள். பங்குச்சாமியாருக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

பட்டாளத்தில் குதிரைப் படையில் இருந்து திரும்பிய ஒருவர் எங்கள் பங்கில் இருந்தார். அவர் பெயரே எல்லோருக்கும் மறந்துபோய், பட்டாளத்துப் பதவியை வைத்துத் தபேதார் என்றுதான் கூப்பிடுவோம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் கிணற்று மேட்டில் சுற்றுவதற்குப் பதிலாகக் குதிரை ஏறிப் பழகட்டுமே என்று அவர்தான் சாமியாரைக் கேட்டார். அப்படி ஆரம்பித்ததுதான். எங்கள் பிள்ளைகளோடு, சுற்றிலும் நிலம் வைத்திருந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள்.

விடியும் முன்பே கிணற்றில் தண்ணீர் சேந்தித் தொட்டியை நிரப்ப வேண்டும். முதல் நாள் ஊறவைத்த கொள்ளை வேகவைத்து, ஆறவைத்து, தவிடு கலந்து வைக்க வேண்டும். தேய்த்துச் சுத்தம் செய்தவர்களுக்குத்தான் சவாரி. வெயில் உறைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். வேர்த்து வந்த குதிரையை உடனே தொட்டிக்கு விட மாட்டார்கள். மூச்சுத் தணியும்வரை கையில் பிடித்து நடத்துவார்கள். அது குடித்த பிறகுதான் பிள்ளைகளும் வாயில் தண்ணீர் வைக்கலாம். இது தபேதாரின் சட்டம். நாக்கு வறண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அவரிடம் சொல்லவும் துணிச்சல் வராது.

மத்தியானத்தில் ஈக்களை விரட்ட வேப்பந்தழையைப் புகைய விடுவார்கள். அமலி வீட்டுக்கு வரும்போது அவள் பாவாடையில் அந்தப் புகையும், வெந்த கொள்ளும், குதிரை வேர்வையும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். துவைத்தாலும் போகாது.

பெல்லா எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குதிரை. பெல்லா என்றால் கன்னடத்தில் வெல்லம். அச்சு வெல்லத்தின் நிறம்தான் அது. "வா" என்று கூப்பிட்டால் காதை மட்டும் அசைக்கும். "பா" என்றால் வரும். அந்த ஒரு குதிரைக்காகப் பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் கன்னடம் பேசினார்கள்.

எனக்குப் பயம் புதிதல்ல

கான்வென்டில் படிக்கும்போது எங்களை ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப் போனார்கள். எல்லோரும் பரிசலில் ஏறிப் போனார்கள். நான் மட்டும் கரையில் உட்கார்ந்து அத்தனை பேருடைய சாப்பாட்டுப் பொட்டலங்களையும் குரங்குகளிடமிருந்து காவல் காத்தேன். பொறுப்பான பெண் என்று சிஸ்டர் பாராட்டினார். பொறுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீரைப் பார்த்து எனக்குக் கை சில்லிட்டுப்போயிருந்தது.

அப்படிப்பட்டவளிடம் அமலி வந்து, குதிரை ஏறப் பழகட்டுமா என்று கேட்டால் என்ன சொல்வேன்? முடியாது என்றேன். சேவியர்தான் விட்டார். அவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு மட்டும், "நீ பயந்து பயந்து அவளையும் பயந்தாங்கொள்ளி ஆக்கிடாதே, ரெஜினா" என்றார்.

முதல் கோடை நல்லபடியாகப் போனது. அமலி ஓயாமல் பேசினாள். பெல்லா இன்று தும்மியது, பெல்லா என் ரிப்பனைத் தின்னப் பார்த்தது, பெல்லாவுக்கு என்னைத் தெரிகிறது. சோறு ஆறிப்போகும்வரை பேசுவாள். அவளைக் கேட்டுக்கொண்டே, நான்தான் தப்பாகத் தடுத்தேனோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

விழுந்த நாள்

அடுத்த கோடையின் தொடக்கம். மாங்காய் ஏற்றிய லாரி ஒன்று சாலை வளைவில் திடீரென்று ஹாரன் அடித்தது. பெல்லா மிரண்டு பக்கவாட்டில் துள்ளியது. அமலி கீழே விழுந்தாள். வெயிலில் காய்ந்து கல்லாகிக் கிடந்த மண்ணில் தலை மோதியது. தபேதார் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அவள் கண் திறக்கவே இல்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் அந்தப் பகல் முழுவதும் அப்படியே கிடந்தாள். தலையில் வைக்க ஐஸ் கட்டி வாங்கி வரச் சொன்னார்கள். நான் சோடாக் கடைக்கு ஓடினேன். மரத்தூள் ஒட்டிய கட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, சேலையெல்லாம் நனையத் திரும்பி வந்தேன். அமலியின் கண்கள் திறந்திருந்தன. சேவியர் கட்டில் ஓரத்தில், சிமெண்டுத் தரையில் முழங்காலில் நின்றிருந்தார்.

"மாதாகிட்ட நேந்துக்கிட்டேன்" என்றார். "இவளைத் திருப்பிக் குடுத்தீங்கன்னா, இவ சாகுற வரைக்கும் குதிரை மேல ஏறமாட்டான்னு சொன்னேன். சொல்லி வாயை மூடலை ரெஜினா, ‘அப்பா’ன்னா."

நான் ஐஸ் சாக்கைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். அந்த நேர்ச்சையில் அன்றைக்கு எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நன்றாகத்தான் நேர்ந்தார் என்றே நினைத்தேன்.

குதிரைக்கு ஆயா

காயம் ஆறி, வெளியே போகலாம் என்று டாக்டர் சொன்னதும் அமலி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏறலைப்பா. தேய்ச்சுக் குளிப்பாட்ட மட்டும் போகட்டுமா?"

சேவியர் வெகுநேரம் யோசித்தார். நேர்ந்தது ஏறுவதைப் பற்றித்தான், தொடுவதைப் பற்றி இல்லை என்று முடிவு செய்து விட்டார். ஆனால் அவர் லாயத்துப் பக்கம் காலே வைக்கவில்லை. அதனால் நான்தான் தினமும் கூழ் எடுத்துக்கொண்டு போவேன்.

பிள்ளைகள் கேலி செய்தார்கள். வேலு என்று ஒரு துடுக்குப் பையன். பக்கத்துத் தோட்டத்துப் பச்சியம்மாவின் மகன். "அமலி இப்ப குதிரைக்கு ஆயா!" என்று கத்துவான். அமலி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். "எங்கப்பா நேர்ச்சை" என்று மட்டும் சொல்வாள்.

எனக்கு அவளுடைய மௌனம்தான் தாங்கவில்லை. வீட்டில் குதிரைப் பேச்சே நின்றுபோனது. சோறு சூடாக இருக்கும்போதே தின்றுவிட்டு எழுந்தாள். "ஏறணும்னு இருக்குதா அம்மு?" என்று ஒருநாள் கேட்டேன். "இல்லைம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் நம்பவில்லை. மனதில் இருப்பதை மறைக்கிறாள் என்று நினைத்தேன்.

முதலில் சொன்னேனே, அவள் முதல் காலையே மறுபடி தூக்கிச் சுரண்டிய காலைப்பொழுது, அன்றைக்குத்தான் பச்சியம்மா தலையில் அருகம்புல் கட்டோடு வந்தாள். புல்லைத் தொப்பென்று போட்டாள். சும்மாட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அமலியைப் பார்த்தாள்.

"ஏம்மா ரெஜினா, உம்மவ ஏன் கீழயே நிக்கறா? கையி காலு நல்லாத்தானே இருக்குது?"

நேர்ச்சையைச் சொன்னேன்.

"நேந்துக்கிட்டது ஆரு?"

"அவங்கப்பா, அக்கா."

"ஏறாம இருக்கறது ஆரு?"

"அமலி."

பச்சியம்மா சிரித்தாள். "நல்ல நாயந்தான் போ! நாங்களுந்தான் முனியப்பனுக்கு நேந்துக்கறோம். கெடா வுடறோம்னா நம்ம பட்டிக் கெடாவத்தான் வுடுவோம். அடுத்த வூட்டுக் கெடாவப் புடிச்சி ஆராச்சும் நேந்து வுடுவாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "அவ அடுத்த வீட்டுப் புள்ளையா அக்கா? எங்க புள்ளைதானே?"

"புள்ளைதான்" என்றாள் பச்சியம்மா. சிரிப்பு போயிருந்தது. "கெடா இல்லையே."

இரண்டு பயம்

அந்தப் பேச்சை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு பல நாள் திரிந்தேன். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. கடவுளுக்குக் கொடுத்த வாக்கை மீறுவது பாவம். ஒரு பிள்ளையின் ஆசையைப் பிடுங்கி, அவளைக் கேட்காமலே காணிக்கை போடுவது மட்டும் புண்ணியமா? குதிரையே வேண்டாம் என்று முதலில் சொன்னவள் நான். இப்போது நானே ஏன் மல்லுக்கு நிற்கிறேன்? பிள்ளைக்காகவா, இல்லை, பச்சியம்மா சிரித்துவிட்டாள் என்ற வீம்பா?

ஒருநாள் சாயங்காலம் சேவியருக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நம்ம நேர்ச்சையைப் பத்தி பச்சியம்மாவுக்கு என்ன தெரியும்?"

"அவங்களும் நேந்துக்கறவங்கதானேங்க."

"நீ ஐஸ் வாங்கப் போயிருந்தே" என்றார். குரல் உயரவில்லை. "நான்தான் பக்கத்துல இருந்தேன். அவ மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நான்தான் பாத்தேன். குடுத்த வாக்கை எடுத்துட்டு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? நீ பதில் சொல்லுவியா?"

என்னால் முடியாது. அது அவருக்கும் தெரியும். காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. உப்பு, தண்ணீர், சாவி. நான் ஏன் வாயைத் திறந்தேன் என்று தினமும் என்னையே நொந்துகொண்டேன். அமலி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் அமலியும் முன்னால் வந்துவிட்டோம். சேவியர் பின்தங்கினார். உச்சி வெயிலில் வந்து சேர்ந்தார். வாசலைத் தாண்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலில் செருப்பு இல்லை.

"கோயில் வாசல்ல யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்டேன். எங்கள் கோயிலில் அது நடக்கிறதுதான்.

"இல்லை. நான்தான் குடுத்துட்டு வந்தேன்."

தண்ணீர் கொண்டுவந்து பாதத்தில் ஊற்றினேன். உள்ளங்கால் செக்கச் செவேல் என்று இருந்தது. ஊற்ற ஊற்றத்தான் சொன்னார்.

"பங்குச்சாமிகிட்டக் கேட்டேன். நேந்தவன்தான் வந்து மாத்திக் கேக்கணும்னாரு. பதிலுக்கு என்ன குடுக்கறேன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் தோணலை. குனிஞ்சு பாத்தேன், காலு இருந்துச்சு. அடுத்த பாஸ்காப் பண்டிகை வரைக்கும் செருப்புப் போடலை. அந்த நேர்ச்சை இனிமே என்னோடது."

"பயம் போயிடுச்சாங்க?"

"இல்லை" என்றார்.

சேணம் கட்டியாயிற்று

மறுநாள் மூன்று பேருமாகப் போனோம். பாதையெல்லாம் நெருஞ்சி முள். சேவியர் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். அமலியிடம் இன்னும் சொல்லவில்லை. லாயத்தில் வைத்துச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கும்தான். அவள் முகம் மலர்வதைப் பார்க்க இரண்டு பேருமே காத்திருந்தோம்.

சேவியர் காதோடு சொன்னதைக் கேட்டுவிட்டுத் தபேதார் பெல்லாவுக்குச் சேணம் கட்டினார். பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏறும்மா" என்றார் சேவியர். "அப்பா நேர்ச்சையை மாத்திட்டேன். இனிமே உனக்குத் தடை இல்லை."

அமலியின் முகம் வெளுத்துப்போனது. பெல்லாவின் பிடரிமயிரை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா மாத்தினீங்க?"

எங்களுக்குப் புரியவில்லை.

"எனக்குப் பயமா இருக்குதுப்பா" என்றாள். உதடு கோணிக்கொண்டு அழுகை வந்தது. "நேர்ச்சை இருக்குதுன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப நான் என்ன சொல்றது?"

"இல்லைம்மா" என்று அவள் சொன்னபோதெல்லாம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். அவளுடைய மௌனத்துக்கு நானாக ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டு, அதற்காகக் கணவரோடு மோதி, அவரை வெறுங்காலோடு நிறுத்தியிருக்கிறேன். பயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். என் வீட்டுக்குள் இருந்த பயம் எனக்கே தெரியவில்லை.

வேலுதான் முன்னால் வந்தான். "அய்யே, இதுக்கு ஏன் அழுவற? நானு மொத நாளு ஏறனப்ப டவுசரே நனஞ்சி போச்சி. தபேதாரு யாருகிட்டயும் சொல்லல, அவ்ளோதான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அமலி சிரிக்கவில்லை. ஆனால் அழுகை நின்றது.

தபேதார் சேவியரைப் பார்த்தார். "வெயில் ஏறுதுங்க. சேணத்தைக் கழட்டிடவா?"

சேவியர் என்னைப் பார்த்தார். கழற்றிவிடுங்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். அது எவ்வளவு சுலபம். எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

"அவளைக் கேளுங்க" என்றார் சேவியர், தபேதாரிடம். அப்புறம் தன் மகளிடம் திரும்பி, மெதுவாக, "நான் உன்னைக் கேட்டிருக்கணும், அமலி. இப்பக் கேக்கறேன்" என்றார்.

அவள் பெல்லாவின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். மற்றக் குதிரைகள் புறப்பட்டுப் போயின. நிழல் எங்கள் காலடியிலிருந்து விலகியது. சேவியர் சுடும் மண்ணில் கால் மாற்றி மாற்றி நின்றார், நகரவில்லை. தபேதார் கடிவாளத்தைப் பிடித்தபடியே இருந்தார்.

"நில்லு" என்றாள் அமலி, குதிரையிடம். பிறகு சேணத்தில் தொங்கிய வளையத்தில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான். ஓரடி நகரவில்லை. இரண்டு கையாலும் பிடரியைப் பற்றிக்கொண்டு, ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கும் நேரம் இருந்திருப்பாள். பெல்லா வாலால் ஈயை விரட்டியது.

"போதும்" என்று தானாகவே இறங்கினாள். சேவியர் பிடிக்கப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் படலைத் திறந்துகொண்டு நடந்தாள்.

பாதி வழியில் என் முந்தானையைப் பிடித்தாள். "நாளைக்கு என்னை நேரத்துலயே எழுப்பி விடும்மா."

"ஏறப்போறியா?"

"தெரியலை. நீ எழுப்பி விடு."

மறுநாள் கோழி கூவும் முன்பே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அமலியின் பாயருகே போய் நின்றேன். வாய் லேசாகத் திறந்து, கன்னத்தில் கை வைத்துத் தூங்கினாள். காயம்பட்ட இடத்தில் முடி இன்னும் முழுசாக வளரவில்லை. சும்மா விட்டுவிட்டால் போதும். வெயில் ஏறிவிடும், சவாரி முடிந்துவிடும். அசந்து தூங்கிய பிள்ளையை எழுப்ப மனசு வரவில்லை என்று சொன்னால் எந்தத் தாயையும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நேர்ச்சைகூட வேண்டியதில்லை.

சேவியரும் விழித்துத்தான் இருந்தார். பாயில் படுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுப்பு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை.

நான் குனிந்து அவள் தோளைத் தொட்டேன்.

"அமலி, நேரமாச்சு. எழுந்திரு."